இடது மூலை

எதிரணிக்காக மூன்றாவது கோலை அடித்தவனின் தோளில் கை போட்டுக்கொண்டு மச்சினன் சிரித்துக்கொண்டிருந்தான். இருவரும் முன்பு ஒரே கிளப்பில் ஆடியவர்கள்தான். இருந்தாலும் உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்த கோல்கீப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் வெள்ளோட்டமாக ஆடிய ஆட்டம். ஒன்றுக்கு மூன்று என்று தோற்றதைக்கூட மறந்துவிடலாம். ஆனால் மூன்று கோலும் அவருடைய இடது மூலையில், கம்பத்தை ஒட்டி, தரையோடு தரையாகப் போயிருந்தன. யாரோ சொல்லி வைத்து அடித்ததுபோல இருந்தது.

சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். அவருடைய இடது முட்டி இரண்டு மாதமாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஸ்கேன் எடுத்த டாக்டரை விட்டால் அது தெரிந்தவன் ஒருவன்தான். வீட்டுக்காரியின் தம்பி, அதே அணியில் தடுப்பாட்டக்காரன், கிளப்புக்குத் தெரியாமல் வெளியூருக்குத் தன் காரிலேயே ஸ்கேனுக்குக் கூட்டிப்போன இந்த மச்சினன். அக்காவிடம்கூட மூச்சு விடமாட்டேன் மாமா என்று கையில் அடித்துச் சொன்ன அதே மச்சினன்.

அறைக்குள் வந்து ஜெர்சியைக் கழற்றிச் சலவைக்காரரின் கூடையில் வீசினார். சலவைக்காரருக்கு எந்த அணி ஜெயித்தாலும் ஒன்றுதான், அவர் கவலையெல்லாம் கறை. "மூணு வாரமா நானும் சொல்லிட்டே இருக்கேன். உங்க ஜெர்சி தோய்க்கறதுதான் எனக்குச் சுலபம் சார், வலது பக்கம் மட்டும்தான் சேறு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கோச் தலையைக்கூடத் தூக்கவில்லை.

இந்தக் கோச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளோட்டத்துக்கு மறுநாள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்பார். இந்த வருஷம் எத்தனாவது இடத்தில் முடிப்போம்? அணியில் யார் வேண்டாம்? அன்று சாயங்காலமே இருபத்தைந்து பேர் பட்டியலை ஒட்டிவிடுவார்கள். முப்பத்தைந்து வயதில் அதில் பெயர் இல்லையென்றால் கீப்பருக்கு ஆட்டம் அத்தோடு சரி.

மறுநாள் அவருக்கு முன்னால் உள்ளே போன மச்சினன் கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே நழுவினான். உள்ளேயும் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று கீப்பர் முடிவு கட்டினார்.

முதல் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொன்னார். முன்வரிசைக்குப் பசி இருக்கிறது, நடுவில் ஆடுகிறவர்களுக்கு அறுபது நிமிஷத்தில் நாக்குத் தள்ளுகிறது, பின்வரிசை தேறினால் நாலாவது இடம் வரை பார்க்கலாம். கோச் எழுதிக்கொண்டார்.

"யார் வேண்டாம்?"

"என் மச்சினன்."

பேனா நின்றது. கீப்பர் நிற்கவில்லை. போன வாரம் சாப்பாட்டு மேஜையில் மச்சினன் ரகசியமாகச் சொன்னதை அப்படியே கொட்டினார். அடுத்த வருஷத்துக்கு வேறொரு கிளப் அவனைக் கூப்பிட்டிருக்கிறது, அவனும் இரண்டு தடவை போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறான். வேறு கிளப்போடு பேசுகிறவனை இந்தக் கோச் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளமாட்டார் என்பது அணி முழுக்கத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

கோச் பட்டியலை இழுத்து அந்தப் பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டார். கீப்பருக்கு அப்பாடா என்று இருந்தது.

"சொந்த மச்சினனைப் பத்தியே இப்படிச் சொல்றியேப்பா" என்றார் கோச்.

"அவன் மட்டும் யோசிச்சானா சார்? என் இடது முட்டி விஷயத்தை நேத்து ஆடின டீம்காரங்ககிட்ட போய்ச் சொல்லியிருக்கான். கல்யாணமான நாள்லேர்ந்து அவனைக் கூடப்பிறந்தவனாத்தான் நினைச்சேன். என் கழுத்தையே அறுத்துட்டான்."

"ஆக, முட்டி போனது உண்மைதான்" என்றார் கோச். சிவப்புப் பேனா பட்டியலின் முதலில் இருந்த கீப்பரின் பெயருக்கு நகர்ந்து இன்னொரு கோடு போட்டது. வாயை விட்டுவிட்டோம் என்பது கீப்பருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஜெர்சியில இடது பக்கம் சேறே இல்லன்னு சலவைக்காரர் சொன்னப்பவே எனக்கு சந்தேகம். அதான் அவங்க கோச்சுக்கு போன் பண்ணி, இடது மூலையில தரையோட அடிச்சுப் பாக்கச் சொன்னேன். சொன்னது நான்தான். அப்பவும் முட்டியா, வெறும் தடுமாற்றமான்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. இப்ப நீ சொல்லித்தான் தெரியும்."

"அப்ப என் மச்சினன்?" என்றார் கீப்பர்.

கோச் பேனாவை மூடி வைத்தார்.

"கால் மணி நேரம் குடைஞ்சு கேட்டேன். மாமா முட்டிக்கு ஒண்ணுமே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டுப் போறான்."