கடைசிச் சாவி

சோதனைக்கூடத்தில் கார் உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே பறந்துகொண்டிருந்தது.

ஓட்டுநர் இருக்கையில் அவள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மடிக்கணினியோடு அவன்.

காருக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கணினிகளுக்குக் காவல் நிரல் எழுதுபவள் அவள். அந்தக் காவலை வெளியிலிருந்து உடைத்துப் பார்ப்பது அவன் வேலை. அலுவலகத்தில் அவளைப் பூட்டுக்காரி என்பார்கள், அவனைத் திருடன் என்பார்கள்.

சோதனையின்போது, பூட்டு எழுதியவர்தான் வண்டிக்குள் உட்கார வேண்டும். அப்போதுதான் அக்கறையோடு எழுதுவார்களாம்.

இதுவரை வந்த ஒவ்வொரு வண்டியிலும் அவன் புகுந்திருக்கிறான். புகுந்ததும் பிரேக்கைத் தொடமாட்டான். வைப்பரை ஒரே ஒரு தடவை ஆட்டுவான். அது அவன் வைக்கும் வணக்கம். அவள் உள்ளிருந்து முறைப்பாள். வண்டி வந்த வழியே திரும்பிப் போகும்.

இன்று மட்டும் தோற்றுவிட வேண்டுமென்று அவனுக்கு கொள்ளை ஆசை.

முதலில் பாட்டுக் கேட்கும் திரை வழியாக நுழையப் பார்த்தான். சாத்தியிருந்தது. அடுத்து, பிரேக்கின் குரலில் பேசிப் பார்த்தான். பிரேக் எந்த நொடியில் பேசும் என்று காவலுக்குத் தெரிந்திருந்தது. நேரம் தப்பிப் பேசிய குரலின் வாயை அடைத்துவிட்டது.

"என்ன திருடரே, கைவரிசையையே காணோம்?" என்றார் பின்னால் நின்ற மேலாளர்.

இன்னும் ஒரு சாவி பாக்கி இருந்தது. பழுது பார்க்கும் நிலையத்திலிருந்து வருவதுபோல் வேடம் போட்ட ஒரு கட்டளை. ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்தது. அதை எடுக்காமலே விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.



நாளை இந்த வண்டி சாலைக்குப் போகும். பின் இருக்கையில் யார் வீட்டுக் குழந்தையோ வாயைத் திறந்துகொண்டு தூங்கும்.

கடைசிச் சாவியையும் போட்டான்.

கார் பதில் சொல்லவில்லை. உருளைகள் மட்டும் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தன. இவ்வளவு இனிப்பான மௌனத்தை அவன் கேட்டதே இல்லை.

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: அந்நியர் தடுக்கப்பட்டார்.

அப்போது வைப்பர் ஆடியது.

"போச்சு! புகுந்துட்டான்யா!" மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். தூக்கிய கைகளை இறக்கத் தோன்றவில்லை. முகமெல்லாம் பல்லாக நின்றான்.

வைப்பர் மறுபடியும் ஆடியது. உள்ளே, வைப்பர் விசையில் அவள் கை.

போன வாரம் காபி இயந்திரத்தின் பக்கத்தில், நாற்பது வயதுக்கு மேல் வந்த கூச்சத்தோடு அவன் ஒன்று கேட்டிருந்தான். அவள் கோப்பையை ஊதிக்கொண்டே சொன்னாள்: "எப்பவும் என்னை ஜெயிக்கிற ஆளைக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றது? ஒரு தடவை தோத்துட்டு வாங்க, பதில் சொல்றேன். வேணும்னே தோத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

உருளைகள் நின்றன. அவன் தடுப்பைத் தாண்டிப் போய், அவளுக்குப் பக்கத்து இருக்கையின் கதவை இழுத்தான்.

பூட்டியிருந்தது.

அவள் உள்ளிருந்து திறந்தாள்.