ஐப்பசி மண்

நாற்பத்து மூன்று.

அவள் பம்ப் அறைக் குழாயில் பதித்திருந்த வெப்பமானியின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை.

நாற்பத்து மூன்றுதான்.

நாற்பத்தைந்தைத் தொட்டால் குளிரூட்டும் இயந்திரம் தானாக நின்றுவிடும். யாரையும் கேட்காது. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

மாடியில் தீக்காய வார்டு. பட்டாசு ஆலை வெடித்ததில் வந்த ஏழு பெண்கள். வெந்த தோலுக்கு வேர்க்கத் தெரியாது. மின்விசிறியும் ஆகாது, தூசி புண்ணில் உட்காரும். அறை குளிர்ந்தே இருக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

மணி பன்னிரண்டு. மாற்று ஏசிகளை ஏற்றிய லாரி மதுரையை விட்டுக் கிளம்பிவிட்டதாம். வந்து, இறக்கி, மாட்டி முடிக்க மூன்று மணி ஆகுமாம்.

மூன்று மணிவரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஆபீஸ், ஸ்கேன் அறை, டாக்டர்கள் அறை எல்லாவற்றுக்கும் குளிரை நிறுத்திவிட்டாள். இனி நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வார்டின் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய்த் தண்ணீர் தரைக்கடியில் இறங்கும். அறுபது குழிகள், ஒவ்வொன்றும் முந்நூறு அடி. சூட்டை மண்ணிடம் இறக்கி வைத்துவிட்டு, குளிர்ந்து மேலே வரும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அவள் படம் போட்டு விளக்கியபோது டிரஸ்டிகள் கைதட்டினார்கள்.

இப்போது மண் வாங்கமாட்டேன் என்கிறது.

மண்ணைக் குறை சொல்வானேன். ஐப்பசியில் போய் அதைச் சோதித்தது அவள்.

அப்போது கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. கீழே பாறை இடுக்கெல்லாம் ஊற்று. சோதனைக் குழியில் இரண்டு நாள் விடாமல் சூடேற்றினாள். எவ்வளவு கொடுத்தாலும் மண் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. ஈரத்தில் எந்த மண்ணும் அப்படித்தான்.

'கோடையில் இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.' அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

தையில் குழி போட ஆரம்பித்தாக வேண்டும் என்றார்கள் டிரஸ்டிகள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அவளேதான் எடுத்தாள்.

முதல் இரண்டு வருடமும் நல்ல மழை. தப்பு வெளியே தெரியவில்லை. போன வருடம் வானம் கையை விரித்துவிட்டது. ஊற்றுகள் வற்றின. காய்ந்த பாறைக்குள் அறுபது குழிகளும் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருந்தன.

நாற்பத்து மூன்றரை.

பம்ப் அறை ஆபரேட்டர் மகாலிங்கம் குழாய்களின்மேல் சாக்கைச் சுற்றி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். அரை டிகிரி இறங்கியது. பத்து நிமிடத்தில் திரும்ப ஏறிவிட்டது.

வார்டுப் பெண்களின் வீட்டார் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டார்கள். கட்டடத்துக்குப் பின்னாலிருந்த கரிசல் திடலைக் காட்டினார் அவர். கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அவள் வெளியே வந்தபோது திடல் நிறைய ஆட்கள்.

ஆஸ்பத்திரிக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த டேங்கர் லாரியிலிருந்து வரிசை நீண்டிருந்தது. குடம், வாளி, சோற்றுத் தூக்கு, கையில் கிடைத்தது எல்லாம். வெடித்துக் கிடந்த மண்ணில் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டுத் திரும்ப ஓடினார்கள்.

இரண்டு சாண்கூட இறங்காது. முந்நூறு அடிக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

இடுப்பில் குடத்தோடு ஒருத்தி அவள் முன்னால் வந்து நின்றாள். சீனியம்மாள். மூன்றாவது கட்டிலில் கிடக்கும் பெண்ணின் தாய். காலில் செருப்பில்லை. தரை கொதித்தது.

"எந்த எடத்துல ஊத்தணும் தாயி? குழி போட்டவுக நீங்கதான, சரியா காட்டுங்க."

சொல்லியிருக்க வேண்டும். இதனால் ஒன்றும் ஆகாது அம்மா, தப்பு என்னுடையது என்று அந்த வெயிலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

கையை நீட்டி ஏதோ ஓரிடத்தைக் காட்டினாள்.

எல்லோரும் அங்கே திரண்டு வந்தார்கள்.

நம்பி வந்தவர்கள் நடுவே சும்மா நிற்க முடியவில்லை. அவளும் ஒரு வாளியை வாங்கிக்கொண்டாள். ஊற்றினாள். இன்னொரு வாளி. தனக்கே தெரிந்த பொய்யை இப்படி மூச்சிரைக்கச் சுமப்பாள் என்று அவள் நினைத்ததில்லை. எட்டாவது வாளியிலோ ஒன்பதாவதிலோ, ஒருவேளை சூடு இறங்கினாலும் இறங்கும் என்றுகூடத் தோன்றிவிட்டது.

மணி ஒன்றேகால்.

பம்ப் அறையின் இரைச்சல் நின்றது.

மகாலிங்கம் வாசலுக்கு வந்தார். அவளைப் பார்த்தார். கையிலிருந்த ஈரச் சாக்கைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

சீனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாலு நாளாகச் செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்திருந்தது.

"சத்தம் நின்னுருச்சே தாயி. குளுந்துருச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாடியில் யாரோ வார்டின் ஜன்னல்களைத் திறக்க ஆரம்பித்தார்கள். ஒன்று. அப்புறம் அடுத்தது. அப்புறம் மூன்றாவது.

அடைத்துக் கிடந்த வார்டின் சத்தம் முதல்முறையாகத் திடலுக்கு வந்தது.

சீனியம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.