வெளியே எடுத்தவர்

"என்ர பிள்ளையை ஏன் வெளியில எடுத்தனீங்கள்?"

மைதானத்துக்குள் போய்க் கத்தினார் எமிலியானுஸ். மொன்றியல் துறைமுகத்தில் லொறி ஓடிப் பழகிய பிரெஞ்சு அவருடையது. கோபம் வந்தால் அது இன்னும் சத்தமாக வரும்.

2006 நவம்பர். பள்ளிக்கூட ஃபுட்போல் இறுதி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. தலைக்கவசம் போட்டு முட்டி மோதுகிற ஃபுட்போல். அணிக்குப் பந்தெறிகிற குவார்ட்டர்பேக் அவருடைய மகன் டனிஸ்ரன். கடைசிக் கட்டத்தில் அவனை வெளியே எடுத்து ஓரத்து வாங்கில் இருத்தினார்கள். அதுவரை முன்னுக்கு நின்ற அணி தோற்றுப்போனது.

பயிற்சியாளர் லுப்பியான் தொப்பியைக் கழற்றினார்.

"தலையில அடி பட்டிருக்கு. எடுத்தது நான்தான். பேசிறதெண்டால் என்னைப் பேசுங்கோ. ஆனா முதல்ல அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

"விழுந்தவன் உடனே எழும்பினவன்தானே! சாட்டுச் சொல்லாதேங்கோ!"

இமெல்டாதான் கணவரை இழுத்துவந்து, மகனையும் காரில் ஏற்றினாள். "ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ" என்றாள்.

வழி முழுக்க அவர் வாய் ஓயவில்லை.

"அந்தக் கோச், ஒட்டாவா, ரெஜைனா எண்டு ஊர் ஊராய்க் காசுக்கு விளையாடித் திரிஞ்ச மனுசன். ஒரு கழகமும் நிரந்தரமா வச்சிருக்கேல்லை. எங்கயும் இரண்டாவது ஆள்தான். அந்த எரிச்சலை என்ர பிள்ளையில தீர்க்கிறார்!"

"அப்பா, நிப்பாட்டுங்கோ..."

ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்குமுன்னே கதவைத் திறந்து வாந்தி எடுத்தான் டனிஸ்ரன். எமிலியானுஸ் காரை அப்படியே விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர் வெளியே வந்தார்.

"இரத்தக் கசிவு இல்லை. கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் சரியாகிடும். ஆனா அதோட இன்னொரு அடி விழுந்திருந்தால் நான் இப்பிடி நிண்டு கதைக்க மாட்டன். ஆரோ நல்ல நேரத்தில வெளியில எடுத்திருக்கினம்."

இமெல்டா சிலுவை போட்டுக்கொண்டு அழுதபடியே சிரித்தாள். எமிலியானுஸ் உள்ளே போய் மகனின் கட்டிலடியில் தொப்பென்று இருந்தார்.

"கடவுளே... நாளைக்கு முதல் வேலையா அந்தக் கோச்சிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கவேணும். அவர் கவனிச்சிருக்காட்டி..."

"அவர் கவனிக்கேல்லை அப்பா."

"என்ன?"

"எனக்குப் பந்து இரண்டாத் தெரிஞ்சது. நான்தான் போய், என்னை எடுங்கோ எண்டு கேட்டனான்."

"பிறகேன் தான் எடுத்ததெண்டு சொன்னவர்?"

டனிஸ்ரன் தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நானாக் கேட்டு வெளியில வந்தால் அப்பா ஏசுவார் எண்டு அவரிட்டை அழுதனான். கோச்சும் இளவயதில அப்பிடிப் பயந்துதான் தலையடியை மறைச்சு மறைச்சு விளையாடினவராம். 'சொல்ல உனக்குத் தைரியம் இருந்ததே, அது போதும். பேச்சை நான் வாங்கிறன், நீ போய் இரு' எண்டவர்."