யார் முதலில் நுழைவது?

"நீங்க முதல்ல போங்க அத்தை."

"பரவாயில்ல, நீ போம்மா. புதுசா வந்த பொண்ணு."

துணிக்கடை வாசலில் மாமியாரும் மருமகளும் இப்படி மாறி மாறி உபசரித்துக்கொண்டே நின்றார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மரியாதையா என்று காவலாளி வாயைப் பிளந்தார். பின்னால் நின்றவர்களுக்குத்தான் கால் கடுத்தது.

மருமகளுக்கு மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவள் கண்ணெல்லாம் வாசலின் இரு பக்கமும் நின்ற, திருட்டைக் காட்டிக்கொடுக்கும் கம்பங்களின் மேல்தான். கைநடுக்கத்துக்காக அவள் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, அதை இயக்கும் கருவியைத் தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கம்பங்களின் காந்தம் கருவியை அணைத்துவிட்டால் நடுக்கம் திரும்பிவிடும், குட்டும் வெளிப்பட்டுவிடும்.

விஷயம் கணவனுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பின்னே? கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, "எங்க குடும்பத்துல ஒரு தலைவலின்னு யாரும் படுத்ததில்ல" என்று பெருமையடித்துக்கொண்டவர் மாமியார். விஷயம் தெரிந்தால் தன்னை நோயாளியாகவே பார்ப்பார் என்று பயந்தாள்.

இதுவரை எப்படியோ சமாளித்துவிட்டாள். வீட்டிலிருந்த இண்டக்‌ஷன் அடுப்பையும் நெருங்கக்கூடாதே! உங்கள் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று கணவனுக்கு ஐஸ் வைத்து அவனையே அடுப்படிக்குத் தள்ளினாள். ஆமாடா, நீயே செய் என்று மாமியாரும் ஒத்து ஊதினார். மகனைச் சமைக்கவிட்டு மெச்சுகிற மாமியார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் பூரித்துப் போயிருந்தாள்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்த கணவன், இருவரும் வாசலிலேயே நிற்பதைப் பார்த்ததும் பேயறைந்தவன் போல் ஆனான். வேறு கடைக்குப் போகலாமே என்று இழுத்தான். ஏற்கெனவே இரண்டு கடை வாசலில் அதையேதான் சொல்லியிருந்தான்.

காவலாளியின் வியப்பு இப்போது சந்தேகமாகிவிட்டது. இருவர் கைப்பைகளையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. வந்தது வரட்டும் என்று மருமகள் மருத்துவமனை கொடுத்த கார்டை எடுத்துக் காவலாளியிடம் நீட்டினாள். உடம்புக்குள் கருவி இருக்கிறது, பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுங்கள் என்றாள். மாமியாரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கணவனோ கண்ணாடிக்குள் நின்ற பொம்மையின் சட்டையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் கார்டைக் காவலாளியிடமிருந்து வாங்கி நிதானமாகப் படித்தார். மகனை எரித்துவிடுவது போல் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்தார்.

"தம்பி, என் கார்டையும் பாத்துடு."