எட்டு வார வேதியியல்

வகுப்பின் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாயைப் பழுது பார்ப்பவர் போல, வேதியியல் வாத்தியார் குனிந்து நின்றிருந்தார்.

சட்டைப்பையில் கல்லூரி முதல்வருக்கு ஒரு புகார்க் கடிதம். முழுக்க எழுதியாகிவிட்டது. தப்பு என்ன என்று சொல்வதற்கு மட்டும் ஒரு வரி இடம் விட்டிருந்தார்.

உள்ளே உடலியல் டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

நர்சிங் முதலாண்டுப் பெண்கள் உடலியல் படிக்க எவ்வளவு வேதியியல் வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன் முதல்வர் அறையில் ஒரு பேரம் நடந்தது. வாத்தியார் வழக்கமான எட்டு வாரத்தில் ஆரம்பித்தார். டீச்சர் ஒன்று என்றார். வாத்தியார் ஆறுக்கு இறங்கி, நாலுக்கு வந்து, மூன்றில் நின்று மூச்சு வாங்கினார். டீச்சர் அந்த ஒன்றையும் விட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு நானே தூவிக்கொள்கிறேன் என்று எழுந்தார்.

பேரத்தில் ஒருவர் எழுந்து நடந்தால் மற்றவர் கூப்பிட்டாக வேண்டும். முதல்வர்தான் கூப்பிட்டார். டீச்சர் சொன்ன விலைக்கே முடிந்தது.

இருபது வருடம் பாடம் சொன்ன வாத்தியார் கையில் ஆய்வகச் சாவி மிஞ்சியது. சோதனைக் குழாய் உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டீச்சர் வேதியியலில் ஒரே ஒரு தப்பு செய்தால் எட்டு வாரத்தையும் திருப்பித் தருவதாக முதல்வர் ஆறுதல் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து வாத்தியார் டீச்சரோடு பேசுவதில்லை.

உள்ளே சிரிப்பு. கரியமில வாயுவை ரத்தம் எப்படிச் சுமக்கிறது என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். பீரோ முழுசாக மாடிப்படி ஏறாது, கழற்றித்தான் ஏற்ற வேண்டும், நுரையீரல் வாசலில் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்.

நாற்பது பெண்களும் எழுதினார்கள். வாத்தியார் வகுப்பில் நோட்டைப் புரட்டியது மின்விசிறி மட்டும்தான்.

வயிறு எரிந்தது. வயிற்றில் இருப்பது என்ன அமிலம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்.

இத்தனை வருடத்தில் அந்த பீரோ தனக்குத் தோன்றவில்லையே.

டீச்சர் பலகையில் சமன்பாட்டை எழுதினார். வாயு, தண்ணீர், நடுவே கார்பானிக் அமிலம். அது உடைந்து, இந்தப் பக்கம் ஹைட்ரஜன், தலையில் கூட்டல் குறியோடு. அந்தப் பக்கம் பைகார்பனேட்.

தலை மொட்டை.

கழித்தல் குறி இல்லை.

வாத்தியார் இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தேவிட்டது.

கடிதத்தை ஜன்னல் விளிம்பில் விரித்து, பேனாவைத் திறந்தார். விட்டிருந்த இடத்தில் பாதி வரி எழுதியிருப்பார், முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். பைகார்பனேட் தலையில் ஒரு மைனஸ் வர வேண்டாமா என்று கேட்டாள்.

டீச்சர் மேசை மேல் இருந்த பழைய நோட்டைத் திறந்தார். பச்சை அட்டை, முதுகில் துணி ஒட்டியது. விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"இதுலயும் இல்லையேம்மா. ஆனா எழுதுனவர் லேசுல தப்பு பண்ற ஆள் இல்ல. மூணு வாரமா வீட்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கார், இதைச் சாக்கா வச்சாவது வாயத் தொறக்க வைக்கிறேன். கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்."

வகுப்பே சிரித்தது.

வாத்தியார் பேனாவை மூடினார்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம், அவளுடைய பரீட்சைக்காக ராப்பகலாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்த நோட்டு அது. இத்தனை வருடம் அது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் என்ன எழுதினோம் என்பது மட்டும் இப்போது ஞாபகம் வந்தது.

'பயப்படாதே. உடலியலுக்கு வேதியியல் இவ்வளவுதான். ஒரு வாரம் போதும்.'