கழற்றிய ராடு

ஜீப்பின் முன் ஆக்சிலுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், கழற்றியதை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடு வளைந்திருந்தது; வளைவில் மஞ்சள் பெயிண்ட் அப்பியிருந்தது. தங்கை புருஷனின் ஸ்கூட்டருக்கு அவனே கலந்து அடித்த மஞ்சள். அந்த மனுஷனை அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போன வண்டி இதுதானா!

கல்லாவிலிருந்த தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் வெறித்துப் பார்த்தாள்.

புது ராடை மாட்டி நட்டை முறுக்கினான். நட்டு கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் பின்னை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முதல் இறக்கத்திலேயே ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

"பின்னைப் போடுண்ணா."

"உனக்கு ரோஷமே இல்லையாடி?"

"போடுங்கறேன்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான்.

வண்டிக்காரர் வந்தார். "பழைய ராடை மறக்காம குடுத்துடும்மா."

கழற்றிய சாமானைத் திருப்பிக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம்தான். சாக்கில் சுற்றித் தயாராக வைத்திருந்ததை அவள் சிரித்த முகத்தோடு நீட்டினாள். "பார்த்து ஓட்டுங்க சார்" என்று வேறு சொன்னாள்.

ஜீப் தெருமுனையில் திரும்பியதும் அண்ணன் குதித்தான். "இருந்த ஒரே தடயத்தையும் தூக்கிக் குடுத்துட்டியே, பாவி!"

அவள் மேஜைக்கடியில் குனிந்து ராடை எடுத்தாள். மஞ்சள் அப்படியே இருந்தது.

"அவன்கிட்ட குடுத்தது வேற வண்டியோடது. போலீசுக்குச் சொல்லியாச்சு."

ராடைத் தொட நீண்ட அண்ணன் கையைத் தட்டிவிட்டாள்.

"பின்னைப் போடாம விட்டிருந்தா ஒரே நிமிஷத்துல போய்ச் சேர்ந்திருப்பான். அது அவனுக்குச் சௌகரியம். எனக்கு அவன் உயிரோட வேணும்ணா."