மூன்று முறை அழித்த பெயர்

எட்டு வருஷமாக இந்தக் கதை மேல் எனக்குச் சந்தேகம். கேட்கும்போது பயந்ததும் உண்மை.

சொன்னது விஜயராஜ். கப்பல் டிக்கெட்டுக்குப் புரோகிராம் எழுதும் சின்ன ஆபீஸை, போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே துறைமுகம் பக்கம் நடத்துகிறான். என் கடைக்கு வந்தால் இதைச் சொல்லாமல் போகமாட்டான்.

ஒரு மத்தியானம் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டதாம். சோதித்துப் பார்க்கக் கம்ப்யூட்டரில் போட்டிருந்த பொய்ப் பயணிகள் ஐந்நூறு பேரையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அங்கே வேலை பார்த்த தஹ்ஸீன் அழித்தாள்.

திரும்பத் தொடங்கியதும் ஒரே ஒரு பயணி.

ஒச்சம்மா, வயது 58, மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேர்.

"யாரும்மா இது?" என்று கேட்டான் விஜயராஜ்.

"தெரியல சார். நான் போடல."

"அரே, ஒழுங்கா சாஃப் பண்ணு."

மறுபடி அழித்தாள். மறுபடி ஒச்சம்மா. மூன்றாம் முறையும்.

டீ கொண்டுவந்த ஆபீஸ் பியூன் முருகையா திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அது என் வீட்டுக்காரி, சார்."

டீத் தட்டை மேசையில் வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு இங்க வரணும்னு மாயாபந்தர் கப்பல் ஜெட்டியில ரெண்டு நாள் கெடந்தா. சீட் இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சு. கப்பல் பாதி காலியாத்தான் போச்சு. அவ செத்து ரெண்டு வருஷம் ஆகுது." அவர் கண்ணை எடுக்கவில்லை. "இப்பத்தான் சீட் கெடைச்சிருக்கு போல."

"யார் பண்ண வேலை இது?" என்றான் விஜயராஜ்.

தஹ்ஸீன் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு ஃபைலைத் திறந்து படித்தாள். விஜயராஜைப் பார்த்தாள். முருகையாவைப் பார்த்தாள். மூடிவிட்டாள்.

"நான்தான் சார்."

அன்றைக்கே அவளுக்கு வேலை போயிற்று.

"ஆனா அவ பண்ணல, மீரான் பாய். அந்தம்மாவேதான் வந்திருக்கு." இந்த இடத்தில் விஜயராஜ் குரலைத் தாழ்த்துவான். "முருகையா பாவம். பொண்டாட்டி செத்த மாசமே தேடிப்போய் வேலை குடுத்தவன் நான்."

அப்படியென்றால் அந்தப் பெண்ணை வேலையைவிட்டு ஏன் அனுப்பினாய்? ஒருநாளும் நான் கேட்டதில்லை. தெரிந்த ஆள், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் இந்தக் கதையைக் கேட்டு என் மகன் ஹம்தான் சிரித்தான். அவனுக்கும் புரோகிராம் எழுதும் தொழில்.

"எல்லாத்தையும் அழிச்சாலும், தொடங்கும்போது ஒரு ஃபைலைப் படிக்கும் வாப்பா. அதுல இருக்கிற பேரு தானா வந்துரும். தாங்க செஞ்ச பழைய தப்பு சரியாயிடுச்சான்னு பார்க்க, புரோகிராம் எழுதினவங்களே அதுல மாட்டின ஒருத்தர் பேரைப் போட்டு வைப்பாங்க. போட்டது யாருன்னும் பக்கத்துலயே இருக்கும்."

நேற்று விஜயராஜ் வந்தான். கதையை ஆரம்பித்தான். தஹ்ஸீன் படித்த இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"அவ படிச்ச வரிக்குப் பக்கத்துல யார் பேரு இருந்துச்சு, விஜயராஜ்?"